பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மே மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோருக்காக ஒரு பக்கம் வந்தது. அதன் ஓரத்தில் ஒரு கட்டம். சென்னையிலிருந்து எந்த ஊர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்குப் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: ‘டொரன்டோ – 13,400 கி.மீ. – பயண நேரம் 15 மணி 20 நிமிடம்.’ அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு 66 வயது. மகளுக்குப் பிரசவம் பார்க்க ஜூலையில் டொரன்டோவுக்குத் தனியாகக் கிளம்பினார். அதுவரை அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. இரவு 9.50-க்குச் சென்னையில் விமானம், துபாயில் மாற வேண்டும். அவர் கணவர் விமான நிலையம் வரை போய் வழியனுப்பிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மயிலாடுதுறை திரும்பி வந்தார். உங்கள் கட்டத்தை அவர் கத்தரித்து வைத்திருந்தார். 9.50-லிருந்து கூட்டினால், மறுநாள் மதியம் 1.10-க்கு மனைவி டொரன்டோவில் இறங்கியிருக்க வேண்டும்.

ஒன்று பத்துக்குப் போன் வரவில்லை. இரண்டு மணிக்கும் வரவில்லை. மகளுக்கு அடித்தால் எடுக்கவில்லை. அங்கே அப்போது விடியற்காலை. நிறைமாதக்காரி, போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு மனிதர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். சாப்பிடவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். வியர்வையில் நைந்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. டொரன்டோ வரிக்குக் கீழே சிவப்பு பால்பாயிண்ட்டில் இரண்டு கோடு.

“சார், பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல மூணு மணி நேரம் ஆயிடுச்சு. நீங்க ரயில்ல இருந்தவரு. இவ்வளவு லேட் ஆகுமா? எதையும் மறைக்காம சொல்லுங்க” என்றார்.

அகமதாபாத் விமான விபத்து நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் எதை நினைத்துக்கொண்டு அப்படிக் கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது. வீட்டில் டி.வி.யை ஓடவிட்டு, ஒவ்வொரு சேனலாக மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சென்னை–துபாய் 4 மணி 15 நிமிடம். துபாயில் காத்திருப்பது 2 மணி 55 நிமிடம். துபாய்–டொரன்டோ 14 மணி நேரம். ஆக 21 மணி 10 நிமிடம். நம் நேரம் இரவு ஏழு மணிக்குத்தான் விமானம் இறங்கும். அப்புறம் குடியுரிமை வரிசை, பெட்டி எடுப்பது எல்லாம் இருக்கிறது. ஒன்பது மணிக்கு முன்னால் போனை எதிர்பார்க்காதீர்கள் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. அச்சில் வந்ததற்கும் நான் பேனாவால் எழுதியதற்கும் இடையில் அவர் அச்சைத்தான் நம்பினார். நம் ஊரில் பத்திரிகையில் வந்துவிட்டால் அது அப்படித்தான். ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. பேசி முடித்து வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எட்டு மணி நேரம் அந்த மனிதர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

இப்போது அந்த 15 மணி 20 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 13,400 கிலோமீட்டரை 15 மணி 20 நிமிடத்தால் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 874 கி.மீ. வருகிறது. அதாவது உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய தூரத்தை எடுத்து, ஒரு விமானத்தின் வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அப்படி ஒரு விமானம் கிடையாது. சென்னையிலிருந்து டொரன்டோவுக்கு நேராகப் போகும் விமானம் இன்றைக்கு இல்லை. எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். ஓடாத வண்டிக்கு டைம் டேபிள் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

நான் ஸ்டேஷன் மாஸ்டராக 33 வருடம் வேலை பார்த்தவன். அதிலும் பெரும்பகுதி மெயின் லைனில், ஒற்றைத் தண்டவாளம் மட்டுமே உள்ள சிங்கிள் லைன் ஸ்டேஷன்களில். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வராது என்பதுதான் நாங்கள் முதலில் கற்றுக்கொள்வது. எதிர் வண்டிக்குக் கிராசிங் போட வேண்டும், சிக்னல் கிடைக்க வேண்டும், இணைப்பு வண்டி வர வேண்டும். சென்னையிலிருந்து திருச்சிக்கு விருத்தாசலம், அரியலூர் வழியாகக் கார்டு லைனில் போவதும், சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மெயின் லைனில் போவதும் ஒன்றா? அதனால்தான் ரயில்வே டைம் டேபிளில் தூரம் ஒரு பத்தியில் இருக்கும், நேரம் தனிப் பத்தியில் இருக்கும். போகிற வண்டிக்கு ஒன்று, வருகிற வண்டிக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றை யாரும் ஊகித்து எழுத மாட்டோம்.

நானும் என் மனைவியும் போன வருடம் நவம்பரில் டொரன்டோ போய்வந்தோம். எங்கள் மகள் அங்கே இருக்கிறாள். பழக்கம் விடவில்லை, கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறித்தேன். என் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே ஓடவிட்டேன், வழியில் எங்கேயும் முள்ளைத் திருப்பவில்லை. அந்த நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் 1.30-க்கு மயிலாடுதுறையில் வீட்டைப் பூட்டினோம். பகல் வண்டியில் தாம்பரம், அங்கிருந்து வாடகைக் காரில் விமான நிலையம். நாலு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. இரவு 1.50-க்கு விமானம் கிளம்பியது. அதாவது வீட்டை விட்டு 12 மணி 20 நிமிடம் கழித்துத்தான் சென்னையை விட்டே நகர்ந்தோம். பிராங்க்பர்ட்டுக்கு 10 மணி 30 நிமிடம். அங்கே காத்திருந்தது 5 மணி 25 நிமிடம். பிராங்க்பர்ட்டிலிருந்து டொரன்டோவுக்கு 8 மணி 40 நிமிடம். இறங்கி, வரிசையில் நின்று, பெட்டி எடுத்து, மகள் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போது இன்னொரு 3 மணி 5 நிமிடம். மொத்தம் 40 மணி நேரம். என் கடிகாரத்தில் வியாழன் காலை 5.30. மகள் வீட்டுச் சமையலறைக் கடிகாரத்தில் புதன் மாலை 7 மணி.

நாற்பதில், விமானத்துக்குள் இருந்தது 19 மணி 10 நிமிடம்தான். பாதிகூட இல்லை. இந்தக் கணக்கை உங்கள் கட்டம் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

இது ஏதோ பொழுதுபோகாமல் போடும் கணக்கு இல்லை. என் மனைவிக்கு இருபது வருடமாகச் சர்க்கரை, காலையும் இரவும் இன்சுலின். கிளம்பும் முன் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “வீட்ல இருந்து வீடு வரைக்கும் மொத்தம் எத்தனை மணி நேரம்?” என்பதுதான். மேற்கே போகப் போக நாள் நீளும். போகிற ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து ஊசி போட்டால் இரண்டு ஊசிக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிடும். அவர் நோட்டை வாங்கி, நான் எழுதியிருந்த மணிக் கணக்கைப் பார்த்து, எப்போது எவ்வளவு போட வேண்டும், எப்போது என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மருந்தைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், கீழே சரக்கு அறையில் குளிரில் உறைந்துபோகலாம், கைப்பையிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். பிராங்க்பர்ட்டில் ஒரு கண்ணாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். அவள் பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “நம்ம ஊர்ல இப்ப மணி என்ன?” என்று கேட்டாள். என் எச்.எம்.டி.யைக் காட்டினேன். டாக்டர் தாளில் உள்ள நேரத்தோடு ஒத்துப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். அன்று நான் டாக்டரிடம் பதினைந்து மணி நேரம் என்று சொல்லியிருந்தால் அந்தத் தாளில் என்ன இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

தூரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகள் வீட்டில் பேத்தியின் மேஜை மேல் ஒரு உலக உருண்டை இருந்தது. ஒரு நாள் மனைவியின் ஊசிநூல் டப்பாவிலிருந்து கொஞ்சம் நூல் எடுத்து, ஒரு முனையைச் சென்னையில் பேத்தி விரலால் அழுத்திக்கொள்ள, மறுமுனையை டொரன்டோவில் வைத்து நான் இழுத்துப் பிடித்தேன். சுவரில் மாட்டும் வரைபடத்தில் கோடு போட்டால் அரபு நாடுகள், சகாரா, அட்லாண்டிக் என்று போகும். நூல் அப்படிப் போகவில்லை. நேராக வடக்கே ஏறியது. ராஜஸ்தான், லாகூர் பக்கம், தஜிகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலை, வெள்ளைக் கடல், கிரீன்லாந்து. அதன் பிறகு கியூபெக் வழியாகக் கீழே இறங்கி டொரன்டோ. கிரீன்லாந்துக்குக் கிழக்கே கடலில் 73 டிகிரி வடக்கு வரை ஏறியது. நூலின் நீளம் ஒரு அடிக்குச் சற்று அதிகம். அதுதான் உங்கள் 13,400 கி.மீ.

அந்த நூல் போகிற வழியில் இரண்டு இடத்தில் கதவு சாத்தியிருக்கிறது. ஜெர்மனி, கனடா உட்பட 36 நாடுகளின் விமானங்களுக்கு ரஷ்யா 2022 பிப்ரவரி 28 அன்று தன் வானத்தை மூடியது. 2025 ஏப்ரல் 24 முதல் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வானம் இல்லை. ஆக அந்த நூலின் மேலேயே பறந்துபோக இந்திய விமானத்தாலும் முடியாது, கனடா விமானத்தாலும் முடியாது. ரயில்வேயில் லைன் பிளாக் என்போம், அதேதான் இது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் டோக்கியோ போய்க்கொண்டிருந்த விமானம், ரஷ்யக் கதவு சாத்திய பிறகு வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு 13 மணி நேரம் எடுத்தது. இரண்டு ஊரும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. நம் நாட்டிலிருந்து வட அமெரிக்கா போகும் விமானங்கள் சிலவும் அந்த ஏப்ரலுக்குப் பிறகு எரிபொருள் போட வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கிப் போக வேண்டியதாயிற்று. போன வருடத்துக் கணக்கை இந்த வருடம் அப்படியே அச்சிட முடியாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எனக்கே ஆச்சரியமாக இருந்த ஒன்றைச் சொல்கிறேன். பிராங்க்பர்ட் வழியாகப் போனால் 7,600-ம் 6,340-ம் சேர்ந்து 13,940 கி.மீ. லண்டன் வழியாகப் போனாலும் கிட்டத்தட்ட அதே அளவு, 13,930. துபாய் வழியாக 2,930-ம் 11,080-ம், ஆக 14,010. மூன்று வழிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் வெறும் 80 கிலோமீட்டர். மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் போகிற தூரத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம். நூலின் நீளத்தோடு ஒப்பிட்டாலும் அதிகபட்சம் 610 கிலோமீட்டர்தான் கூடுகிறது. ஆனால் நேரத்தைப் பாருங்கள். தூரம் கூடுதலான துபாய் வழியில் எதிர்வீட்டு அம்மா 21 மணி 10 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். தூரம் குறைந்த வழியில் போன எங்களுக்குச் சென்னையிலிருந்து 24 மணி 35 நிமிடம். வித்தியாசத்தின் பெரும்பகுதி காத்திருந்த நேரம். இதைத் தூரத்தை வைத்து எப்படிச் சொல்ல முடியும்? இணைப்பு வண்டி எப்போது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

அடுத்தது காற்று. திரும்பி வரும்போது டொரன்டோ–பிராங்க்பர்ட் 7 மணி 20 நிமிடம். போகும்போது இதே வழிக்கு 8 மணி 40 நிமிடம். பிராங்க்பர்ட்–சென்னை 9 மணி 25 நிமிடம். போகும்போது 10 மணி 30 நிமிடம். போனதற்கும் வந்ததற்கும் இரண்டு மணி 25 நிமிடம் வித்தியாசம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடுகிற பலமான காற்று ஒன்று இருக்கிறது. அதோடு சேர்ந்து வந்தால் தள்ளிவிடும், எதிர்த்துப் போனால் பிடித்து இழுக்கும். குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் அதிகம். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் காற்று முதுகில் தள்ள, ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அட்லாண்டிக் கடலுக்கு மேலே நிலையான பாதையே கிடையாது என்று தெரிந்துகொண்டபோது ஒரு ரயில்காரனாக எனக்கு மெய்சிலிர்த்தது. மேற்கே போகிற விமானங்களுக்கு ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கத்துக் கட்டுப்பாட்டு நிலையமும், கிழக்கே வருகிறவற்றுக்குக் கனடாவின் கேண்டர் நிலையமும், அன்றன்றைக்குக் காற்றைப் பார்த்துத் தடங்களை வகுத்துக் கொடுக்கின்றன. இன்றைய தடம் நாளைக்கு இல்லை. தினமும் புதிதாக லைன் போட்டு, அதில் நூற்றுக்கணக்கான வண்டிகளை மோதாமல் ஓட்டுகிறார்கள். அந்த வேலையின் அருமை அதே மாதிரி வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட வேலையை, தூரத்தை வேகத்தால் வகுத்து ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

கடிகாரக் குழப்பமும் சின்னது இல்லை. நமக்கும் டொரன்டோவுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைக்கிறார்கள். இடைப்பட்ட மாதங்களில் ஒன்பதரை. ஐரோப்பாவில் அதையே மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் செய்கிறார்கள். நடுவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எல்லோருக்கும் குழம்பும். டிக்கெட்டில் ‘1.50 கிளம்பும், 15.55 சேரும், அதே நாள்’ என்று இருப்பதைப் பார்த்துப் பதினாலு மணி நேரம் என்று எண்ணிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊர் ரயில்கள் முன்னொரு காலத்தில் சென்னை வானாய்வுக் கூடத்து நேரத்தைப் பார்த்து ஓடியவை. தென்னிந்தியாவில் மட்டும் இல்லை, நாடு முழுக்க ரயில்களுக்கு ‘மெட்ராஸ் டைம்’தான் பொது நேரம். 1906-ல்தான் இன்றைய இந்திய நேரம் வந்தது. அந்தப் பக்கம் டொரன்டோவில், 1879-ல், சாண்ட்போர்டு பிளெமிங் என்ற ரயில்வே பொறியாளர் உலகம் முழுவதற்கும் மணிக்கொரு மண்டலமாக நேரத்தைப் பிரிக்க வேண்டும் என்று எழுதி வாசித்தார். அவருக்கு அந்த எண்ணம் வந்ததற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: 1876-ல் அயர்லாந்தில் அவர் ஒரு ரயிலைத் தவறவிட்டார். டைம் டேபிளில் காலை என்று இருக்க வேண்டிய இடத்தில் மாலை என்று தப்பாக அச்சாகிவிட்டது. இரவு முழுக்க ஸ்டேஷனில் கிடக்க வேண்டியதாயிற்று. அச்சுப் பிழையால் ஸ்டேஷனில் கிடந்த அந்த மனிதரும், அச்சில் வந்த வரியால் என் திண்ணையில் கிடந்த எதிர்வீட்டுக்காரரும் எனக்கு ஒரே ஆளாகத்தான் தெரிகிறார்கள்.

ஐயா, நான் கேட்பது இவ்வளவுதான். விமானத்துக்குள் இருக்கும் நேரத்துக்குப் ‘பறக்கும் நேரம்’ என்று போடுங்கள். ‘பயண நேரம்’ என்ற சொல்லைப் போட்டால், மாறும் இடத்தில் காத்திருப்பதையும் சேர்த்து, விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரைக்குமாவது சொல்லுங்கள். எந்த ஊர் வழியாக என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று இரண்டு நேரம் வேண்டும். போய்ச் சேரும்போது நம் ஊரில் என்ன கிழமை, மணி என்ன என்பதையும் ஒரு வரி சேர்த்தால், இங்கே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. பறப்பவர்களை விடக் காத்திருப்பவர்கள்தான் அந்தக் கட்டத்தை அதிகம் பார்க்கிறார்கள் என்பது என் அனுபவம். தூரத்தைப் போடுங்கள், பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் அது நூல் பிடித்த தூரம் என்று சொல்லிவிடுங்கள். கட்டத்துக்கு இன்னும் இரண்டு அங்குலம் இடம் தேவைப்படலாம். தங்கள் நாளிதழை நாற்பது வருடமாக வாங்குகிறேன். அந்த இரண்டு அங்குலத்தை வாசகர்களுக்காகத் தருவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

எதிர்வீட்டில் பேரன் பிறந்து நல்லபடியாக இருக்கிறான். மனைவியை அழைத்துவர அவர் அக்டோபர் கடைசியில் டொரன்டோ கிளம்புகிறார், அதே துபாய் வழி. முழுத்தாளில் அவருக்கு ஒரு டைம் டேபிள் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: இடது பக்கம் நம் ஊர் நேரம், வலது பக்கம் அந்தந்த ஊர் நேரம், எங்கே என்ன சாப்பிட வேண்டும், ரத்த அழுத்த மாத்திரை எப்போது. கீழே, போன் எத்தனை மணிக்கு வரும் என்று ஒரு வரி. அதன் நகல் ஒன்றை என் வீட்டுக் காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கிறேன். இந்த முறை காத்திருக்கப் போகிறவன் நான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்,
மயிலாடுதுறை.